தோழர் ஹாஜியார்

எங்கள் கடற்கரையில் மீன் வகைகளைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள், நெல் வகைகளைப் பற்றி எழுதவும் இருக்கிறார்கள்; மனிதரில் ஒரு வகை மட்டும் எழுதுவாரில்லாமல் கிடக்கிறது. அதற்குப் பெயர் தோழர் ஹாஜியார். நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. கல்முனையில் பஸ் ஏறி அக்கரைப்பற்றில் இறங்குவதற்குள் ஊருக்கு ஒருவராவது கண்ணில் படுவார். நிகாஹ் மேடையில் அவர்தான் முன்வரிசை, மே தின ஊர்வலத்திலும் அவர்தான் முன்வரிசை. இரண்டுக்கும் ஒரே வெள்ளைச் சட்டை.

அடையாளம் வேண்டுமா? சொல்கிறேன். சட்டைப்பையில் மடித்த தொப்பி ஒன்று இருக்கும். பள்ளிவாசல் பக்கம் மோட்டார் சைக்கிள் திரும்பினால் அது தலைக்கு ஏறும், தொழிற்சங்கக் காரியாலயத்தின் பக்கம் திரும்பினால் பைக்குள் இறங்கும். அந்த வேலையை அவர் ஒரு கையால், பிரேக் பிடிக்காமல் செய்து முடிப்பார். தாடியைச் சும்மா சொல்லக் கூடாது. அதைப் பார்த்து மௌலவி என்றும் நினைக்கலாம், மார்க்ஸ் என்றும் நினைக்கலாம். சரியாக அந்த இடத்தில் கத்தரிக்கோலை நிறுத்தத் தெரிந்த நாவிதர் ஊரிலேயே ஒருவர்தான் என்று கேள்வி.

பல ஊர்களில் பல பேர் இருந்தாலும், ஒருவரைப் பிடித்துக் காட்டினால்தான் உங்களுக்கும் விளங்கும், எனக்கும் எழுத வரும். ஆகவே எங்கள் ஊர் காலிதீனை எடுத்துக்கொள்வோம். தோழர் அல்ஹாஜ் காலிதீன். வாலிப வயதில் கொழும்புக்குப் போய், தடித்த சிவப்புப் புத்தகங்களோடும் தடித்த கண்ணாடியோடும் திரும்பி வந்தவர். பிறகு கல்யாணம் முடித்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போய் இறங்க வேண்டும். அவரும் ஒரு பெட்டி நிறையப் புத்தகத்தோடு மர்ழியாவின் வீட்டில் போய் இறங்கினார். வீடு மர்ழியாவுடையது, கதிரை மேசை மர்ழியாவுடையது, சம்மாந்துறையில் அரிசி மில் போட முதலாகப் போன நகையும் மர்ழியாவுடையது. மில்லுக்கு வைத்த பெயர் மட்டும் அவருடையது: தோழமை ரைஸ் மில். பிறகு ஹஜ்ஜுக்கும் போய் வந்தார், பிரதேச சபையிலும் ஒரு தடவை இருந்தார். இவ்வளவும் சேர்ந்த பிறகுதான் இனம் பூரணமாகிறது.

அவர் வீட்டு முன் ஹோலில் மக்கத்துக் கஃபாவின் படம் எப்போதும் சுவரில் இருக்கும். அதற்குக் கொஞ்சம் தள்ளி வெறும் ஆணி ஒன்று இருக்கும். சங்கத்து ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் அந்த ஆணியில் லெனின் தொங்குவார். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார் வருகிறார்கள் என்றால் லெனின் இறங்கி உள்ளே போய், அலுமாரியில் மர்ழியாவின் சாறிகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வார். ஏற்றுவதும் இறக்குவதும் மர்ழியாவின் வேலை. புரட்சிக்காக அந்த வீட்டில் வியர்வை சிந்திய ஒரே ஆள் அவர்தான்.

இதை வாசித்துவிட்டு, மார்க்கமும் கொள்கையும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாதென்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இருக்கலாம், தாராளமாக இருக்கலாம். எங்கள் வல்லிபுரம் தோழரைப் பாருங்கள். பழைய இடதுசாரி, மீனவர் சங்கத்துச் செயலாளர், வாயைத் திறந்தால் வர்க்கம். ஆனால் வருடா வருடம் அம்மன் கோயிலில் நோன்பிருந்து தீ மிதிப்பார், மறுநாள் அதே காலோடு நொண்டி நொண்டிச் சங்கக் கூட்டத்துக்கும் வருவார். கேட்டால், இரண்டும் சூடுதானே என்பார். எங்கள் பள்ளி மரைக்கார் மஜீட், அரசியல் என்றாலே காதைப் பொத்துகிறவர், மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் தன் டிராக்டரில் சோறு ஏற்றிக்கொண்டு போனார். பசித்தவனுக்குச் சோறு கொடுக்க எந்தக் கட்சி வேண்டும் என்று கேட்டார். இவர்களிடமும் இரண்டும் கலந்துதான் இருக்கிறது. ஆனால் இவர்கள் தோழர் ஹாஜியார் இனமல்ல.

அப்படியானால் இனத்தின் குணம் என்ன? மிகவும் லேசானது. செலவு வருகிற பக்கத்தில் அவர் இருக்க மாட்டார். மில்லில் மூட்டை சுமக்கிறவர்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். அப்போது தொப்பி தலையில் ஏறியது. பொறுமையின் சிறப்பைப் பற்றியும் பொறுமையாளருக்கு மறுமையில் காத்திருக்கும் கூலியைப் பற்றியும் அவர் பேசிய பேச்சில், மூட்டைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டிக் கேட்டதற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். அதே வாரம் ஸக்காத்துக் கமிட்டி வந்தது. அப்போது தொப்பி பைக்குள் இறங்கியது. தானம் தர்மம் எல்லாம் ஏழையை ஏழையாகவே வைத்திருக்க முதலாளிகள் செய்த சூழ்ச்சி, அடிப்படையையே மாற்ற வேண்டும், அதுவரை பிச்சை போடுவது பாவம் என்றார். ஸக்காத்துக் கமிட்டி ஒரு புதிய உலகத்தின் மீதான நம்பிக்கையோடும் வெறும் பையோடும் திரும்பியது.

இரண்டு சாராரும் ஒன்றாக இருக்கும் கூட்டத்தில் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதற்கு அவரிடம் மூன்றாவது பேச்சு ஒன்று இருக்கிறது. "சகோதர சகோதரிகளே" என்று தொடங்கும். ஒற்றுமை வரும், அமைதி வரும், காலத்தின் தேவை வரும், எல்லோரும் சிந்திக்க வேண்டும் என்று முடியும். முடிந்த பிறகு எல்லோரும் சிந்திப்பார்கள், அவர் என்ன சொன்னார் என்று.

இந்த ஏற்பாட்டில் அவர் பல வருடங்கள் சௌக்கியமாக இருந்தார். பிறகு கடல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அதில் கேலிக்கு இடமில்லை, எனக்கு மனமும் இல்லை. எங்கள் கதைக்கு வேண்டியது இவ்வளவுதான்: கடற்கரைப் பள்ளிக்குப் பின்னால் இருந்த ஹாஜறா தன் உம்மாவையும் வீட்டையும் கடலுக்குக் கொடுத்தாள். மாதா கோயிலடியில் இருந்த சகாயம்மா தன் வீட்டையும் புருஷன் பெனடிக்கின் தோணியையும் கொடுத்தாள். இருவரும் முதலில் வேறு வேறு பள்ளிக்கூடங்களில் அகதியாக இருந்து, பிறகு மெயின் றோட்டுக்கு அருகே ஒரே வெளியில் அடித்த தகரக் கொட்டில்களுக்கு வந்து சேர்ந்தார்கள். இந்தப் பக்கக் கொட்டில்களில் முஸ்லிம்கள், அந்தப் பக்கக் கொட்டில்களில் தமிழர்கள், நடுவில் தண்ணீர்த் தாங்கி. பவுசர் வந்து அதை நிரப்பிவிட்டுப் போகும். மனிதர் தனித்தனியாக இருக்கலாம், தண்ணீர் வரிசை ஒன்றுதான்.

ஹாஜறாவுக்கு ஒரே மகள், ஜெஸீமா. சகாயம்மாவுக்கும் ஒரே மகள், ஜெனோசா. இரண்டு பேருக்கும் கடல் வருவதற்கு முன்பே மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. ஜெஸீமாவுக்கு அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படிக்கிற பொடியன். ஜெனோசாவுக்குத் தச்சு வேலை செய்யும் றொஜன். மாப்பிள்ளை வீட்டார் இரு பகுதியும் நல்ல மனிதர்கள்தான், சம்பந்தத்தை முறிக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் முஸ்லிமானாலும் தமிழரானாலும் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது. மாப்பிள்ளை வந்து எங்கே இறங்குவது, தகரக் கொட்டிலிலா? தாயும் தகப்பனும் ஒரு மூலையில் படுத்திருக்கப் புதுமணத் தம்பதி மறு மூலையிலா? அவர்கள் காத்திருந்தார்கள். காத்திருப்பதற்கும் ஒரு அளவு உண்டல்லவா. ஜெஸீமா ராத்திரியில் அழுகிறாள் என்று ஹாஜறா சொன்னாள். ஜெனோசா அழவில்லை, கதைக்கவும் இல்லை என்று சகாயம்மா சொன்னாள்.

வீடு கட்டிக் கொடுக்க வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வந்திருந்தது. கல்லும் சீமெந்தும் அவர்களிடம் இருந்தன, மண்தான் இல்லை. கடலோரத்தில் பழைய இடத்தில் கட்டக் கூடாது என்று அரசாங்கம் கோடு கிழித்துவிட்டது. றோட்டுக்கு மேற்கே, கடல் எட்டாத மேட்டில் காணி வேண்டும். மாரி மழைக்கு முன் யாராவது காணி காட்டினால் கொட்டில்காரர் அத்தனை பேருக்கும் கட்டலாம், இல்லாவிட்டால் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவோம் என்று அவர்கள் நேராகச் சொல்லிவிட்டார்கள். மேட்டில் சும்மா கிடந்த பெரிய காணி ஒன்றே ஒன்றுதான். அதில் நாலைந்து தென்னையும் ஒரு கிணறும் கட்டிப்போட்ட ஆடுகளும் இருந்தன. காலிதீன் ஹாஜியாருடைய காணி என்று ஊரே அதைச் சொல்லும். "என்ட மேட்டுக் காணி" என்று அவரும் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார்.

இப்போது பாருங்கள், அவருக்கு வந்த சோதனையை. மார்க்கம் சொல்கிறது, கொடு என்று. கொள்கை சொல்கிறது, கொடு என்று. அவர் வாழ்க்கையில் இரண்டும் ஒரே பேச்சுப் பேசியது அதுதான் முதல் தடவை. ஒன்றிடமிருந்து தப்பி மற்றதன் பின்னால் ஒளிய வழியில்லை. சாதாரண மனிதனாக இருந்தால் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் இனத்தை நீங்கள் குறைத்து எடை போடக் கூடாது.

முதலில் ஹாஜறா போனாள், மரைக்கார் மஜீடைக் கூட்டிக்கொண்டு. சலாம் சொல்லி, ஹாஜியார் என்று அழைத்து, மஜீட் விஷயத்தைச் சொன்னார். காலிதீன் தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். தனிமனிதர் காணி கொடுத்தால் அரசாங்கம் தன் கடமையிலிருந்து நழுவிவிடும் என்றார். இது வர்க்கப் பிரச்சினை என்றார். அதிலும், பள்ளி வந்து கேட்டதற்காக ஒரு சமூகத்துக்கு மட்டும் கொடுத்தால் தமிழ்ச் சகோதரர்கள் என்ன நினைப்பார்கள், நாட்டில் இன ஒற்றுமை என்ன ஆவது, நீங்களே சொல்லுங்கள் மரைக்கார் என்றார். காணி கேட்கப் போன மஜீட், தான் ஒரு இனவாதியோ என்ற சந்தேகத்தோடு எழுந்து வந்தார்.

அடுத்து சகாயம்மா போனாள், வல்லிபுரம் தோழரைக் கூட்டிக்கொண்டு. அன்று ஆணியில் லெனின் இருந்தார். வணக்கம் தோழர் என்று வல்லிபுரம் தொடங்கினார். காலிதீன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். என்னைக் கேட்டால் நாளைக்கே கொடுத்துவிடுவேன் என்றார். ஆனால் அந்தக் காணி ஏழை முஸ்லிம்களுக்கென்று நிய்யத்து வைத்த காணி, அல்லாஹ்வை முன்வைத்து மனதில் எண்ணிக்கொண்ட எண்ணம், அதை மாற்றினால் மறுமையில் என்ன பதில் சொல்வது என்றார். வல்லிபுரம் தானே நேர்த்தி வைத்துத் தீ மிதிக்கிறவர். நேர்த்தி என்றால் என்னவென்று அவருக்கா தெரியாது? கேட்டதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார்.

இத்தோடு கதை முடிந்திருக்கும். எத்தனையோ ஊர்களில் இத்தோடுதான் முடிந்தது. ஏனென்றால் மஜீடும் வல்லிபுரமும் சந்தித்துக் கதைக்கிற ஆட்களல்ல. ஒருவர் பள்ளி, மற்றவர் சங்கம். தோழர் ஹாஜியார்கள் பிழைத்து வருவதே அந்தத் தைரியத்தில்தான். ஆனால் ஹாஜறாவும் சகாயம்மாவும் தினமும் சந்திக்கிற ஆட்கள். மறுநாள் விடியப் பவுசர் வந்தது. வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு இருவரும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"உங்கட ஆக்கள் கோவிப்பாங்களாம், அதுக்காகத்தான் தர ஏலாதாம்" என்றாள் ஹாஜறா.

"எங்களுக்கும் ஏலாதாம். உங்கட ஏழைகளுக்கெண்டு வச்ச காணியாம்" என்றாள் சகாயம்மா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாளி நிறைந்து வழிந்தது. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். இவர்கள் வாளியை எடுக்கவில்லை. கடல் வந்த நாளிலிருந்து சிரிக்காத ஹாஜறா முதலில் சிரித்தாள், பிறகு சகாயம்மா, பிறகு இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியாமல் தாங்கியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிரித்து முடிந்ததும் ஹாஜறாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

"ஹாஜியார் எண்டு கூப்பிட்டா தோழராப் போறாரு. தோழர் எண்டு கூப்பிட்டா ஹாஜியாராப் போறாரு" என்றாள். "அப்ப நாம ஆள் மாறிக் கூப்பிட்டுப் பாப்பமா?"

இங்கே அந்த வீட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆண்கள் கூட்டிக்கொண்டு வரும் பெண்கள் விறாந்தையோடு நின்றுகொள்வார்கள். தனியாக வருகிற பெண்கள் பக்கக் கேற்றால் வந்து, உள் ஹோலில் மர்ழியாவோடு இருந்துகொண்டு, வாசல் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பேச வேண்டும். காலிதீன் அந்தப் பக்கம் சாய்வு நாற்காலியில் இருந்து பதில் சொல்வார். எந்தக் கொள்கை பேசினாலும் அந்தத் திரை விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. ஆகவே பேசுவது யாரென்று முகம் பார்த்து அறிய அவருக்கு வழியில்லை. கூப்பிடுகிற சொல்லைக் கேட்டு, யாருடைய ஆள் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற பதிலை எடுப்பார். குரலில் வித்தியாசம் தெரியாதா என்று கேட்காதீர்கள். ஒரே தாங்கியில் மாதக்கணக்காகத் தண்ணீர் பிடித்ததில் அவள் பேச்சு இவளுக்கும் இவள் பேச்சு அவளுக்கும் ஒட்டிப் போயிருந்தது.

ஒரு வியாழக்கிழமை, அசர் தொழுகை முடிந்து அவர் வந்து உட்கார்ந்திருந்த நேரம், இருவரும் பக்கக் கேற்றால் உள்ளே போனார்கள். மர்ழியா பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வணக்கம் தோழர்" என்றாள் ஹாஜறா, தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு. மர்ழியா ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மீதியை ஊற்றினார்.

கொட்டில் ஆட்களுக்கு மேட்டுக் காணி கிடைக்குமா என்று ஹாஜறா கேட்டாள். திரைக்கு அப்பாலிருந்து பெருமூச்சு வந்தது. பிறகு நிய்யத்து வந்தது, ஏழை முஸ்லிம்கள் வந்தார்கள், மறுமை வந்தது. இது தன் மார்க்கத்தின் விஷயம், இதில் தோழர்கள் தன்னை வற்புறுத்தக் கூடாது என்று நடுங்கும் குரலில் முடித்தார். ஓம் தோழர், விளங்கிச்சு என்று சொல்லிவிட்டு ஹாஜறா பேசாமல் இருந்தாள். வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று அவர் எண்ணிக்கொண்டார். பிளேன்டீயைக் கேட்டு வாங்கி, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார்.

குடித்து முடிகிற நேரத்தில் சகாயம்மா தொடங்கினாள், கழுத்தில் தொங்கிய சிலுவையை விரலால் பிடித்துக்கொண்டு.

"ஹாஜியார், நாங்க கொட்டில்ல இரிந்து வந்திரிக்கம். மேட்டுக் காணி விசயமா."

மீண்டும் பெருமூச்சு வந்தது. இந்தத் தடவை அரசாங்கத்தின் கடமை வந்தது, வர்க்கம் வந்தது, இன ஒற்றுமை வந்தது. உழைக்கிறவன் எந்தச் சமயமாக இருந்தாலும் தனக்கு ஒன்றுதான், பள்ளிக்கென்று தனியாகக் கொடுக்கத் தன் கொள்கை இடம் தராது என்றார். மர்ழியா சீனிப் போத்தலை மூடிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் அவர் இந்த இரண்டு பதில்களையும் இந்தப் பக்கமிருந்து கேட்டுத்தான் வந்தார். ஒரே நாளில், ஒரே கோப்பைத் தேநீருக்குள், அடுத்தடுத்துக் கேட்டது இன்றுதான்.

"அப்ப பள்ளிக்கு எண்டாத்தான் இல்ல. சமயம் பாக்காம, ஒழைக்கிற ஆக்களுக்கெண்டாக் குடுப்பீங்க, என்ன ஹாஜியார்?"

"அது என்ட கொள்க. உசிர் போனாலும் மாற மாட்டன்."

"நல்லம். நான் சகாயம்மா. தோணிக்காரப் பெனடிக்கிட பொஞ்சாதி. பள்ளிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நாங்க ஒழைக்கிற ஆக்கள்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"நான் ஹாஜறா" என்றாள் ஹாஜறா. "சீனிமுகம்மதுட பொண்டாட்டி. முந்தித் தோழர் எண்டு கூப்பிட்டது நான்தான். ஏழ முஸ்லிம். நிய்யத்து எங்களுக்குத்தானே வெச்ச?"

ஆனாலும் அவர் லேசுப்பட்ட ஆளா? தொண்டையைச் செருமிக்கொண்டார். "சகோதரிகளே" என்று தொடங்கினார். ஒற்றுமை வந்தது, அமைதி வந்தது, காலத்தின் தேவை வருகிற நேரத்தில் திரை விலகியது.

விலக்கியது மர்ழியா. அதில் மார்க்கத்துக்கு மாறாக ஒன்றும் இல்லை; அந்தப் பக்கம் இருந்தது அவருடைய புருஷன் மட்டும்தானே. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவர் வாசலில் நின்றார்.

"காணி ஆர்ட?" என்று கேட்டார்.

"நம்மட" என்றார் காலிதீன்.

"ஆர்ட எண்டு கேட்டன்."

அவர் சுவரைப் பார்த்தார். ஆணி வெறுமையாக இருந்தது.

"உன்ட" என்றார். "உன்ட வாப்பா உனக்குச் சீதனமாத் தந்தது."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். வீடும் வளவும் பெண் வழியாக வருகிற ஊரில் அது யாருடைய காணியாக இருக்க முடியும்? ஆனால் அவர் தன் காணி, தன் காணி என்று இரண்டு மேடையிலும் பேசிப் பேசி, மரைக்காரும் மறந்தார், சங்கமும் மறந்தது. கேட்கப் போன ஒருவராவது திரைக்கு இந்தப் பக்கம் கேட்கவில்லை. வெட்கக்கேடு என்றால் இதுதான் வெட்கக்கேடு.

மர்ழியா குரலை உயர்த்தவில்லை. "எனக்குப் பொறந்ததெல்லாம் ஆம்பிளப் புள்ளையள். எல்லாரும் பொண்டாட்டிமார்ர ஊட்டுக்குப் போயிட்டாங்க. அந்தக் காணியில நான் ஆருக்கு ஊடு கட்டுற? இஞ்ச ரெண்டு கொமருப் புள்ள ஊடு இல்லாமக் காத்துக்கிட்டு இரிக்கி" என்றார். பிறகு சொன்னார்: "நிய்யத்து வெச்சன் வெச்சன் எண்டீங்களே, நீங்க வெக்கல்ல. நான் இப்பதான் வெக்கிறன்."

ஹாஜறா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சகாயம்மா மர்ழியாவின் கையைப் பிடித்துக்கொண்டு ராத்தா, ராத்தா என்றாள். அக்கா என்ற சொல் அந்த நேரத்தில் அவள் வாய்க்கு வரவில்லை.

காலிதீன் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? எழுந்தார். தொப்பியைத் தலையில் வைத்தார், யோசித்தார், கழற்றினார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஒரு மூச்சு விட்டுவிட்டு, "இதுதான் சோசலிசம்" என்றார். அந்த மனிதரை நான் கேலி செய்தாலும், அந்த இடத்தில் எழுந்து நின்று அப்படிச் சொல்ல ஒரு திறமை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மழைக்கு முன் அத்திவாரம் வெட்டினார்கள். அடுத்த வருடம் வீடுகள் எழும்பின. ஜெஸீமாவின் மாப்பிள்ளை அட்டாளைச்சேனையிலிருந்து வந்து இறங்கினார், ஜெனோசாவுக்கு மாதா கோயிலில் மணியடித்தது. இரண்டு வீட்டாரும் பக்கத்துப் பக்கத்து வளவு. நடு வேலியில் ஒரு ஆள் போய்வர இடைவெளி விட்டிருந்தார்கள். பிறகு யுத்தம் மறுபடியும் பற்றிக்கொண்டது. ஹர்த்தால் வந்தது, ஊரடங்கு வந்தது, சந்தியில் ஒரு சொல் தடித்தால் இரு பக்கமும் கதவடைக்கும் நாட்கள் வந்தன. யார் யாரோ வந்து அந்த வேலியை அடைக்கச் சொன்னார்கள். அடைக்கவில்லை. அந்த இடைவெளியால் இடியப்பம் அந்தப் பக்கம் போனது, மீன் குழம்பு இந்தப் பக்கம் வந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.

யுத்தம் முடிந்த வருடம் அந்தக் குடியிருப்புக்குப் பெயர்ப் பலகை நட்டார்கள். தோழர் அல்ஹாஜ் காலிதீன் கிராமம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது, நீங்களே போய்ப் பார்க்கலாம். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் அவர் பேசும்போது அது அவருடைய ஸதகா, அல்லாஹ்வுக்காகச் செய்த தர்மம். மே தினத்தில் பேசும்போது அது அவருடைய காணிச் சீர்திருத்தம். இப்போது மஜீடும் வல்லிபுரமும் ஒரே கடையில் தேநீர் குடிக்கிறார்கள். இரண்டு பேச்சையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சிரிப்பது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. ஆனால் ஓட்டோக்காரரிடம் பலகையில் உள்ள பெயரைச் சொன்னால் அவருக்கு இடம் தெரியாது. மர்ழியா காணி என்று சொல்ல வேண்டும். மர்ழியாவுக்கு இதிலெல்லாம் அக்கறையில்லை. அவர் செய்தது ஒன்றுதான்: அலுமாரியில் சாறி வைக்க இடம் போதவில்லை என்று லெனினைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டு, இனி ஏற்றி இறக்கத் தன்னால் ஏலாது என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் சிரித்துக்கொண்டு வாசித்திருப்பீர்கள். நல்லது. உங்களுக்கு மில் இல்லை, மேட்டுக் காணி இல்லை, மேடையில் ஏற்றவும் ஆளில்லை. ஆகவே இந்த இனத்தில் நீங்கள் இல்லை என்று ஒரு நிம்மதி. இருக்கட்டும். போன மாதம் பள்ளியிலிருந்தோ கோயிலிலிருந்தோ மாதா சபையிலிருந்தோ உங்களிடம் வந்தபோது, இதையெல்லாம் தனித்தனியாகச் செய்யாமல் ஒரு அமைப்பாகச் செய்ய வேண்டும் என்று நீங்கள் கருத்துச் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சங்கத்துக்காரர் கையெழுத்துக் கேட்டு வந்தபோது, நான் அரசியலுக்கெல்லாம் போகிறதில்லை தம்பி, கடவுளே என்று இருக்கிற ஆள் என்றீர்களே, அது?

அதை நான் ஏன் கிளறுகிறேன் என்றால், மர்ழியா காணியில் இப்போது பாலர் பாடசாலை ஒன்று கட்டுகிறார்கள். கூரைக்கு உதவி கேட்டு ஹாஜறாவும் சகாயம்மாவும் வீடு வீடாக வருகிறார்கள். இந்தக் கிழமை வருவது உங்கள் வீட்டு ஒழுங்கைக்குத்தான். கேற்றில் நின்று அவர்கள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனமாகக் கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன், உங்கள் திரைக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.